சிறார் உடற்பருமன்: பொறுப்பு யாருடையது?

 

  

தொழுகையைப் பற்றியும் ஸகாத்தைப் பற்றியும் பேச வேண்டிய ஒரு மௌலவி, பிள்ளைகளின் எடையைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அது வைத்தியர்களின் வேலையன்றோ என்றும் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆயினும் உடல் என்பது அல்லாஹ் எம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பெரியவரின் உடலுக்கு அவரே பொறுப்பாளி. பருவ வயதை எட்டாத பிள்ளையோ மார்க்கச் சட்டத்தின் பார்வையில் முகல்லஃப் அல்ல. அதாவது, கடமைகள் இன்னும் அதன் மீது விதியாக்கப்படவில்லை. அவ்வாறாயின், எட்டு வயதுப் பிள்ளையின் உடல் அளவுக்கு மீறிப் பருத்து, அதன் ஈரலில் கொழுப்புப் படிந்து, இளமையிலேயே நீரிழிவு தொற்றிக்கொள்ளுமானால் அதற்குரிய கேள்வி யாரிடம் கேட்கப்படும்? இது மார்க்கத்தின் கேள்வி. ஆகவேதான் இதனை இங்கு எடுத்துக்கொண்டோம்.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 1990ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரையிலானோரில் நூற்றுக்கு 8 பேர் மிகை எடையுடையோராக இருந்தனர். 2022ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 20 ஆகிவிட்டது. தொகையாகச் சொல்வதாயின் 39 கோடிக்கும் அதிகமானோர். அவர்களுள் 16 கோடிப் பேர் உடற்பருமன் என்னும் நோய் நிலையை அடைந்தவர்கள். 2025ஆம் ஆண்டு யுனிசெஃப் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை இன்னொரு செய்தியைச் சொன்னது. பாடசாலை செல்லும் வயதினரில் எடை குறைந்தோர் நூற்றுக்கு 9.2 பேர் எனின், உடற்பருமன் உடையோர் 9.4 பேர். மெலிந்த பிள்ளைகளின் தொகையைப் பருத்த பிள்ளைகளின் தொகை உலகளவில் முந்திக்கொண்டது அப்போதுதான்.

எமது நாட்டின் கதை சற்று வேறானது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 பேர் உயரத்துக்கேற்ற எடையின்றியும் இருந்தனர். அதே வயதில் மிகை எடையுடையோர் நூற்றுக்கு 2 பேர் மாத்திரமே. எனவே, "எங்கள் ஊரில் இது பிரச்சினையே அல்ல, பிள்ளைகள் மெலிந்துதானே இருக்கின்றன" என்று சிலர் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தப் பிள்ளை பாடசாலைக்குச் செல்லத் தொடங்கிய பின் என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஐந்து வயதில் ஒட்டிய வயிற்றோடு இருந்த பிள்ளை பன்னிரண்டு வயதில் தொந்தியோடு நிற்கிறது. ஒரே வீட்டில் இரத்தச்சோகையுள்ள தாயும், மூச்சு வாங்க மாடிப்படி ஏறும் மகனும் இருக்கிறார்கள்.

அதனினும் கவலைக்குரியது, எமது பிள்ளைகளின் உடலமைப்பே. தெற்காசிய மக்களின் உடலில், அதே உயரமும் அதே எடையும் கொண்ட ஐரோப்பியரின் உடலைவிடக் கொழுப்பின் பங்கு அதிகம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் பூஜித விக்ரமசிங்க அவர்கள் இலங்கைச் சிறாரிடையே நடத்திய ஆய்வுகள் இதனையே காட்டின. பிற நாட்டு அளவுகோலில் சரியான எடையுடையதாகத் தோன்றும் எம் பிள்ளையின் உடலிலும் தேவைக்கு மேற்பட்ட கொழுப்பு இருக்கலாம். பார்வைக்கு "நல்ல சதைப்பிடிப்பு" என்று நாம் மகிழ்வது உண்மையில் எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும்.

இதை ஒரு நிகழ்ச்சியால் விளக்குகிறேன். ஒரு ஜும்ஆ தினத்தில் ஒரு தாய் தம் பத்து வயது மகனை அழைத்து வந்து, தண்ணீர் ஓதித் தருமாறு கேட்டார். பிள்ளையின் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தன. கண்ணேறு என்று அயலவர்கள் சொன்னார்களாம். அதற்கு முன்னர் அழுக்கென்று எண்ணித் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையின் தோல் புண்ணாகியிருந்தது. ஓதிக் கொடுத்தேன், ஓதுவதில் பரக்கத் உண்டு. ஆனால் அன்று மாலையே வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லியே அனுப்பினேன். அவ்வாறு கழுத்து கறுத்துத் தடிப்பது பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையின் அடையாளம் என்றும், நீரிழிவு வருமுன் உடல் விடுக்கும் எச்சரிக்கை என்றும் வைத்தியர்கள் கூறுகின்றனர். பெற்றோர்களே! இன்றிரவே உங்கள் பிள்ளையின் கழுத்தின் பின்புறத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் தேய்க்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இனிக் காரணங்களுக்கு வருவோம். பருத்த பிள்ளையைக் கண்டால் எம் சமூகம் உடனே இரண்டு தீர்ப்புகளை வழங்கிவிடுகிறது. ஒன்று, "பிள்ளை தின்னிப் பண்டாரம்" என்பது. மற்றது, "உம்மா சரியில்லை" என்பது. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

எமது திருகோணமலை மாவட்டத்து மக்கள் பட்ட பசியை யாரும் மறந்திருக்க முடியாது. 1990இல் இடம்பெயர்ந்தோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கிண்ணியாவிலும் மூதூரிலும் வீடுகளை அள்ளிச் சென்றது. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு கந்தளாய் வரை சென்று, முகாம்களில் உலர் உணவுக்காக வரிசையில் நின்றார்கள். அன்று அவ்வரிசையில் நின்ற பத்து வயதுச் சிறுவர்களே இன்று வாப்பாமாராகவும் உம்மாமாராகவும் இருக்கிறார்கள். "நான் பட்ட பசியை என் பிள்ளை படக் கூடாது" என்று அவர்கள் கருதுவதில் என்ன குற்றம் கண்டீர்கள்? பசியை அறிந்த கை, பிள்ளையின் தட்டில் ஓர் அகப்பை கூடுதலாகவே இடும். மூத்தம்மாமார் பேரப்பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "பிள்ளை வாடிப்போச்சு" என்று சொல்லிச் சொல்லி ஊட்டுவதும் அந்த அச்சத்தினால்தான். அன்பையும் அளவையும் வேறுபடுத்தி அறிய அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; குத்பா மேடையில் நிற்கும் நாங்களும் சொல்லவில்லை.

உணவே மாறிவிட்டது என்பதையும் பாருங்கள். கோதுமை விளையாத நாடு எம்முடையது. ஆயினும் கப்பல்களில் வந்திறங்கும் கோதுமையை அரைப்பதற்காக 1980ஆம் ஆண்டு முதல் இயங்கும் பிறீமா மா ஆலை, எமது துறைமுகத்தின் சீனக்குடாக் கரையிலேயே நிற்கிறது. உலகில் ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரிய மா ஆலைகளுள் அதுவும் ஒன்று. பஞ்ச காலத்தில் அந்த மா இலட்சக்கணக்கானோரின் பசியைத் தீர்த்தது. அதனை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். குறை மாவில் இல்லை. காலையில் பாண், இடைவேளையில் ரோல்ஸ், மாலையில் பணிஸ், இரவில் பராட்டா அல்லது கொத்து என்று ஒரு நாளின் நான்கு வேளையும் தவிட்டை நீக்கிய வெள்ளை மாவும் எண்ணெயுமாகிவிட்டதே, அதில்தான் குறை. கடற்கரையில் பிறந்த பிள்ளை சூடை மீனின் முள்ளைக் கண்டு முகம் சுளிக்கிறது. கிண்ணியாத் தயிரை வெளியூரார் தேடி வந்து வாங்கிச் செல்ல, எம் பிள்ளை நிறம் கலந்த இனிப்புப் பானத்தைக் கேட்கிறது. முருங்கை வேலியில் காய்த்து முற்றுகிறது.

இது வசதி படைத்தோரின் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியின்போது செப்டம்பர் மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 வரை ஏறியது. முட்டையும் மீனும் பழமும் எட்டாக்கனியான வீடுகளில் வயிற்றை நிரப்பியவை மாவும் சீனியும் எண்ணெயுமே. வயிறு நிறைந்தது, உடல் போஷிக்கப்படவில்லை. ஏழையின் பிள்ளை பருத்திருப்பதைக் கண்டு "இவர்களுக்கு என்ன குறை" என்று ஏளனம் பேசுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

சீனியைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதில் கணக்குத் தெரியாமல் ஏமாறுகிறோம். 2 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சேர்க்கப்பட்ட சீனி 25 கிராமுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. எமது நாட்டில் 2016 ஆகஸ்ட் முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் மூன்று நிற அடையாளங்களுள் ஒன்று இடப்பட வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு; 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள்; 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. இப்போது நீங்களே கணக்கிடுங்கள். சிவப்பு அடையாளமுள்ள 250 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் 27 கிராமுக்கும் கூடிய சீனி இருக்கும். அதாவது, நாள் முழுவதற்கும் உரிய அளவை ஒரு பிள்ளை ஒரே மூச்சில் குடித்து முடித்துவிடுகிறது. அதற்குப் பின் வீட்டில் மூன்று கரண்டி சீனி போட்ட தேநீர். பால்மாவில் மேலும் சீனி. பலம் தரும் என்று விளம்பரம் சொல்லும் மோல்ட் பானம் வேறு. செம்மஞ்சள் என்றால் ஆபத்தில்லை என்று நினைக்கும் பெற்றோரும் உளர். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி இருந்தாலும் அது செம்மஞ்சள்தான் என்பதை அவர்கள் அறிய வேண்டும். பொதியிலடைத்த உணவுகளின் உறைகளிலும் 2019 முதல் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கு இவ்வாறான நிற அடையாளங்கள் வந்துள்ளன. ஹலால் சின்னம் இருக்கிறதா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றோம், அல்ஹம்துலில்லாஹ். அதே உறையில் உள்ள சிவப்பு வட்டம் மட்டும் ஏன் எம் கண்ணில் படுவதில்லை? அல்குர்ஆன் உணவைப் பற்றிப் பேசுமிடத்து ஹலால் என்பதோடு நிறுத்தாமல் தையிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறது (2:168). தூய்மையானது, நல்லது என்பது அதன் பொருள். முதற்சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டோம்.

அடுத்த காரணம் விளையாட்டின்மை. முன்னர் எம் சிறுவர்கள் கரைவலை இழுப்பதற்குக் கை கொடுத்தார்கள். கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையே பாதையில் ஏறி இறங்கி நடந்தார்கள். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது பெரும் ரஹ்மத். அதனைக் குறை கூறவில்லை. ஆனால் அறுநூறு அடி தூரத்திலுள்ள பாடசாலைக்கும் முச்சக்கர வண்டி கேட்கும் பழக்கம் பாலத்தினால் வந்ததல்ல. நான்காம் வகுப்பு வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சை என்ற பெயரால் பிள்ளையின் மாலை நேரம் பறிக்கப்படுகிறது. பாடசாலை முடிந்து பிரத்தியேக வகுப்பு, அது முடிந்து குர்ஆன் மத்ரஸா, அது முடிந்து வீட்டு வேலை. பின்னர் களைப்பைப் போக்கக் கையடக்கத் தொலைபேசி. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது உடலை வருத்தி ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எம் பிள்ளைகளின் நேர அட்டவணையில் அந்த 60 நிமிடங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். எம்மைப் போன்ற மத்ரஸா நடத்துநர்களும் இதில் பங்காளிகளே. அஸருக்குப் பின் மஃரிப் வரை பிள்ளையை அமர்த்தி வைத்துவிட்டு, நன்றாக ஓதிய பிள்ளைக்கு டொபியைப் பரிசாகக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம்.

பெண் பிள்ளைகளின் நிலை இதனினும் கடினமானது. பத்துப் பன்னிரண்டு வயதானதும் வீதியில் ஓடக் கூடாது, முற்றத்தில் துள்ளக் கூடாது என்கின்றோம். சரி, வேறெங்கு ஓடுவது என்று கேட்டால் பதிலில்லை. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு பயணமொன்றில் ஓட்டப் போட்டியில் கலந்து வென்றதும், பின்னொரு காலத்தில் தம் உடல் சற்றுப் பருத்திருந்த வேளையில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்று, முந்திய தோல்விக்கு இது ஈடு என்று நகைச்சுவையாகச் சொன்னதும் அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி. ஹயாவையும் ஹிஜாபையும் பேணிக்கொண்டே பெண் பிள்ளைகள் விளையாட இடமும் நேரமும் ஒதுக்க முடியும். மகளிர் பாடசாலைகளின் மைதானங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு நாட்கள் தாய்மாரின் மேற்பார்வையில் திறந்துவிடுமாறு கேட்பதற்கு எந்தப் பள்ளிவாசல் நிர்வாகம் இதுவரை முன்வந்திருக்கிறது?

பரம்பரையும் ஒரு காரணமே. ஒரே சட்டியில் உண்ணும் சகோதரர்களில் ஒருவன் மெலிந்தும் ஒருவன் பருத்தும் இருப்பதைக் காண்கின்றோம். தைரொயிட் குறைபாடு, சில மருந்துகள், பிறவியிலேயே பசி அடங்காத அரிய மரபணு நோய்கள் என்பனவும் உண்டு. ஆகையால் ஒரு பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் "அதிகம் தின்றதால் வந்தது" என்று எவரும் தீர்ப்பளிக்க முடியாது.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்தியாக வேண்டும். பிற்காலத்து மக்களிடையே உடல் பருத்தல் தோன்றும் என்ற கருத்தில் இம்ரான் பின் ஹுஸைன் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. சில பேச்சாளர்கள் இதனை எடுத்துக்காட்டிப் பருத்த மனிதரைப் பகிரங்கமாகவே இழிவுபடுத்துகிறார்கள். அறபுக் கல்லூரியில் ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையை ஓதியோர், இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அங்கு எழுதியிருப்பதை அறிவர். பழிக்கப்படுவது உண்டு குடித்து வலிந்து பருமனைத் தேடிக்கொள்பவரே. இயற்கையமைப்பிலேயே பருமனாக இருப்பவர் இதில் அடங்கமாட்டார் என்பதே அவர்களது விளக்கத்தின் சாரம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இமாமவர்கள் காட்டிய நிதானம் இன்று மைக்கைப் பிடித்திருப்போரிடம் இல்லையே! வலிந்து தேடிக்கொள்ளும் பெரியவருக்கே பழி எனும்போது, தேடவும் தெரியாத, தவிர்க்கவும் தெரியாத சிறு பிள்ளையை எப்படிப் பழிப்பது?

வாலிப சகோதரர்களே! இது உங்களுக்கு. வகுப்பறையில் ஒரு மாணவனைத் "தடியன்" என்றும் "யானைக்குட்டி" என்றும் அழைக்கிறீர்கள். அவன் சிரித்து மழுப்புகிறான். பின்னர் விளையாட்டு நேரத்தில் வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பிலேயே இருந்துவிடுகிறான். ஓட வேண்டிய பிள்ளையை ஓடவிடாமல் தடுத்தவர் யார்? நீங்கள்தான். ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஸூரத்துல் ஹுஜுராத் (49:11) தடுத்துவிட்டது. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் மிஸ்வாக் குச்சி பறிக்க மரத்தில் ஏறியபோது காற்று ஆடையை விலக்க, அவர்களது மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தார்கள். அக்கால்கள் மறுமையின் தராசில் உஹுத் மலையை விடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதை முஸ்னத் அஹ்மத் பதிவு செய்கிறது. மெலிந்த கால்களுக்காகச் சிரித்ததையே நபியவர்கள் ஏற்கவில்லை. பருத்த கால்களுக்காகச் சிரிப்பதற்கு மட்டும் அனுமதி எங்கிருந்து வந்தது? உங்கள் அணியில் அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; இலக்குக் காப்பாளனாக நிறுத்தி வைக்காமல் ஓடுகிற இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பொறுப்பைப் பற்றி. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவீர் என்ற கருத்தில் இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸை அறியாதவர் எம்மில் இல்லை. ஆனால் அதனை ஓதும்போது நாம் நேராகத் தாயிடம் போய்விடுகிறோம். ஹதீஸின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆட்சியாளர், அடுத்து ஆண், அதன் பின்னரே பெண். ஆட்சியாளரை முதலில் வைத்ததன் பொருத்தத்தை இந்த விடயத்தில் நன்கு காணலாம். 2017 நவம்பரில் இனிப்புப் பானங்களின் சீனிக்கு ஒரு கிராமுக்கு 50 சதம் வீதம் வரி விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எவற்றை விற்கலாம், எவற்றை விற்கலாகாது என்று கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அது அதிபரின் அலுவலகக் கோவையில் பத்திரமாக இருக்கும். சிற்றுண்டிச்சாலைக் கண்ணாடிப் பெட்டியிலோ எண்ணெய் வடியும் ரோல்ஸ் இருக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே! கேள்வத்தொகையை மட்டும் பார்த்துச் சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்குக் கொடுத்தால், அதிக தொகை கொடுத்தவர் அதிக இலாபம் தரும் பண்டத்தைத்தான் விற்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாவதாக ஆண். தொழில் முடிந்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் தந்தை, பகல் முழுவதும் பிள்ளையோடு இராத குறையை ஒரு கொத்துப் பொதியால் ஈடு செய்யப் பார்க்கிறார். பிள்ளை உறக்கக் கலக்கத்தில் எழுந்து உண்டுவிட்டு மீண்டும் படுக்கிறது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது கொத்து அன்று. வாப்பாவின் அரை மணித்தியாலம். சுபஹுத் தொழுகைக்கு மகனைக் கையில் பிடித்து நடத்திச் சென்று, திரும்பும்போது கடற்கரை வழியாகச் சுற்றி வந்தால் தொழுகையும் ஆயிற்று, நடையும் ஆயிற்று, பேச்சும் ஆயிற்று.

பால்குடி மறக்கச் செய்வதைப் பற்றி அல்குர்ஆன் பேசுமிடத்தை (2:233) எடுத்துப் பாருங்கள். தாயும் தந்தையும் கலந்தாலோசித்து, இருவரும் பொருந்திக்கொண்ட பின்னரே அதனைச் செய்வது பற்றி அங்கு கூறப்படுகிறது. ஒரு குழந்தை என்ன உண்கிறது என்பது சமையலறைக்குள் தாய் தனியே தீர்மானித்துக்கொள்ளும் விடயம் அல்ல, இருவரின் மஷூராவுக்குரியது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா? அவ்வாறிருக்க, வைத்தியசாலையில் பிள்ளையின் எடையைக் கேட்டதும் மனைவியைத் திரும்பி முறைக்கும் கணவர்கள் எந்த ஆயத்தை ஓதியவர்களோ அறியேன்.

கடல் கடந்து சென்ற தாய்மாரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மாவட்டத்தின் பல கிராமங்களிலிருந்து தாய்மார் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்காகச் சென்றுள்ளனர். வேறோர் வீட்டுப் பிள்ளைக்கு உணவூட்டிக்கொண்டு, தொலைபேசியில் தம் பிள்ளையின் அழுகையைக் கேட்டு, "பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுங்கள், காசு அனுப்புகிறேன்" என்று சொல்லும் அந்தத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. இங்கே இருக்கும் தந்தையும் மூத்தம்மாவும் சாச்சிமாரும் அந்தப் பணம் பிஸ்கட்டாகவும் சோடாவாகவும் மாறிவிடாமல் முட்டையாகவும் மீனாகவும் பழமாகவும் பிள்ளையின் தட்டுக்குச் செல்வதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட இரட்டை அமானிதம்.

என்ன செய்வது என்று கேட்பீர்கள். நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் பின் அபீ ஸலமா (ரழி) அவர்கள், சிறுவராயிருந்தபோது தம் கை உணவுத் தட்டின் எல்லாப் பக்கமும் அலைந்ததாகத் தாமே கூறுகிறார்கள். நபியவர்கள் அதட்டவில்லை, தட்டைப் பறிக்கவுமில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால், தனக்கு முன்னுள்ளதை உண்ணுமாறு கற்றுக் கொடுத்தார்கள். அன்று முதல் தமது உண்ணும் முறை அதுவாகவே இருந்தது என்கிறார்கள் அவர்கள் (புகாரி, முஸ்லிம்). பெரியவர் பிள்ளையோடு ஒரே தட்டில் அமர்ந்திருந்தார் என்பதை இங்கு கவனிக்க வேண்டும். தொலைக்காட்சிக்கு முன் பிள்ளையை இருத்தி வாயில் திணித்துவிட்டு ஒழுக்கம் கற்பிக்க முடியாது. வயிற்றை மூன்றாகப் பங்கிடுவது பற்றி மிக்தாம் பின் மஅதீகரிப் (ரழி) அறிவிக்கும் திர்மிதியின் ஹதீஸும் இவ்வாறே. தந்தை தன் வயிற்றில் அதனை நடைமுறைப்படுத்தினால் மகன் தானாகப் படிப்பான். வலீமாவில் ஐவருக்குரிய ஸஹனில் பெரியோருக்கு நடுவே பிள்ளையை இருத்தி, ஆளுக்கொரு இறைச்சித் துண்டை அவன் பக்கம் தள்ளி, "உண்ணு மகன், உண்ணு" என்று வற்புறுத்துவதை அன்பென்று சொல்லிக்கொள்கிறோம். போதும் என்று பிள்ளை கையை எடுத்துவிட்டால் அதனை மதியுங்கள். போதும் என்ற உணர்வு அல்லாஹ் அந்தச் சிறு வயிற்றில் வைத்த நிஃமத். அதனை நாமே அடித்து அடித்து மரத்துப்போகச் செய்கிறோம்.

மறுபுறத்தில், பயந்துபோய்ப் பிள்ளையைப் பட்டினி போடுவதும் தவறு. வளரும் பிள்ளைக்குப் பெரியோரின் மெலிவு வைத்தியம் பொருந்தாது. பல சிறு பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கத் தேவையில்லை. எடை ஏறாமல் நிறுத்தி வைத்தாலே போதும், உயரம் வளர வளர உடல் சரியான அளவுக்கு வந்துவிடும் என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். குளிர்பானத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தேநீரின் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். இதனைப் பருத்த பிள்ளைக்கு மட்டும் செய்யாதீர்கள். ஒரு பிள்ளைக்குச் சோடா, மற்றதற்குத் தண்ணீர் என்றால் அது நீதியாகாது, பலனும் தராது. வீடு முழுவதும் மாற வேண்டும். ரமழானிலும் அவ்வாறே. நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் இருக்கும் விரிப்பில் ஐந்து வகைப் பொரியலும் சர்பத்தும் எதற்கு?

இறுதியாக ஒரு வேண்டுகோள். பாடசாலைகளில் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் மருத்துவப் பரிசோதனை நடத்துகிறார்கள். உயரமும் எடையும் அளந்து, தேவையெனில் பெற்றோருக்குக் குறிப்பும் அனுப்புகிறார்கள். அந்தத் தாள் பல வீடுகளில் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கிறது. சிறு வயதில் குடும்ப நல உத்தியோகத்தர் எழுதித் தந்த வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்து, இந்தத் தாளையும் எடுத்து, கணவனும் மனைவியுமாக ஒருமுறை அமர்ந்து பாருங்கள். எந்த வயதில் கோடு திடீரென மேலே ஏறத் தொடங்கியது, அந்த ஆண்டில் வீட்டில் என்ன நடந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தாய் வெளிநாடு சென்ற ஆண்டா, புலமைப்பரிசில் வகுப்புத் தொடங்கிய ஆண்டா, கையில் தொலைபேசி வந்த ஆண்டா? பின்னர் அவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக்குக்குச் செல்லுங்கள். பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். எடையை ஊரார் கேட்க உரத்துச் சொல்லாதீர்கள்.